கேள்வி எண் பத்தொன்பது

ஜூன் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். இரண்டு வருஷமாகக் கேட்காதவள் இன்றைக்குக் கேட்டால் காரியத்துக்காகக் கேட்கிறேன் என்று நினைப்பாய். காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன் பண்ணியிருக்கலாம். "மீட்டிங்ல இருக்கேன்" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். காகிதம் என்றால் மீட்டிங் முடிந்த பிறகும் மேஜைமேல் கிடக்கும்.

என் பெண் வாலுவுக்கு லேப் டெக்னீஷியன் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருஷம், ஹாஸ்டலோடு. அவள் மார்க்குக்குக் கிடைத்த இடம், யார் கையையும் பிடித்து வாங்கியது இல்லை. முழு பீஸ் கட்ட எங்களால் ஆகாது. சலுகை வேண்டுமென்றால் உங்கள் அலுவலகம் தரும் குடும்ப நிலைச் சான்று வேண்டும். ஜூன் முப்பதுக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சான்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்து நான்கு மதிப்பெண்ணுக்குள் இருந்தால்தான் கஷ்டப்படுகிற குடும்பமாம். எங்களுக்கு இருபத்தேழு. நம் வீட்டில் நான் எந்தப் பரீட்சையிலும் கேட்டதைவிட அதிகமாக மார்க் வாங்கியதில்லை. இதில் வாங்கிவிட்டேன்.

கவுன்ட்டரில் கெஞ்சி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தோம். "குளிர்சாதனப் பெட்டி: உண்டு. மதிப்பெண் 4" என்று இருக்கிறது.

அந்தப் பிரிட்ஜ் நான் துணி துவைக்கிற ஓட்டலில் கழித்துப் போட்டது. மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கூட்டை மட்டும் லாண்டரிக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் எலி. வாலுவின் வேதியியல் புத்தகத்தில் பாதியை எலிதான் படித்தது. பிரிட்ஜ் கதவில் ரப்பர் இருக்கிறதே, அதைத் தாண்டி எலி போகாது. அதற்காகத்தான் உன் அத்தான் தன் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே அவள் புத்தகமும் சான்றிதழும் இருக்கின்றன. முட்டை வைக்கிற குழியில் பேனாவும் ரப்பரும் வைத்திருக்கிறாள். அதற்கு ஒயர்கூடக் கிடையாது.

கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே நாலு கேள்வி கேட்டார், எட்டிப் பார்த்தார், டிக் போட்டார், போய்விட்டார். ஓடுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று முந்தின நாளே அதைப் பளபளவென்று துடைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து வைத்திருந்தேன். அது என் பங்குத் தப்பு.

ஃபாரத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்று உன் பெயர் அச்சாகியிருக்கிறது. வாலுதான் பார்த்தாள். "அம்மா, இது நம்ம மாமாதானே?" என்றாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல.

பிரிட்ஜை எடுத்துவிட்டால் இருபத்து மூன்று. எடுத்துவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

துவைக்க அடுத்த சுற்றுப் படுக்கை விரிப்புகள் வந்துவிட்டன, மணி அடிக்கிறார்கள்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் என்ன சார் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

உன் கோப்பை வரவழைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. நாங்கள் அச்சடித்துக் கொடுத்த கையேட்டில் ஒரு வரி இருக்கிறது: "கேட்டால் மறைப்பார்கள், பார்த்துக் குறிக்கவும்." அதை எழுதியதும் நான்தான். முதல் கணக்கெடுப்பில் வசதியுள்ளவர்கள் பைக்கைப் பக்கத்து வீட்டில் நிறுத்திவிட்டு இல்லை என்றார்கள். அவர்களைப் பிடிக்க எழுதிய வரி உன்னைப் பிடித்துவிட்டது. அவர்கள் ஒளித்து வைக்கிறார்கள், நீ துடைத்து வைக்கிறாய். அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும், நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

நீ மேல்முறையீட்டு மனு கொடு. அது என் மேஜைக்குத்தான் வரும். ஆனால் மனு கொடுப்பவர் உறவினராக இருந்தால், நான் அதை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். அப்போது கோப்பு இயக்குநர் மேடத்திடம் போகும்.

இங்கேதான் சிக்கல். உன் ஃபாரத்தில் கேள்வி எண் பத்தொன்பதைப் பார்த்தேன். "அவசரத்துக்கு உதவக்கூடிய நெருங்கிய உறவினர் அரசுப் பணியில் உள்ளாரா?" நீ 'இல்லை' என்று சொல்லியிருக்கிறாய்.

அந்தக் கேள்வியையும் நான்தான் சேர்த்தேன், அக்கா. பத்து வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டது அது. ஒரே சம்பளம் வாங்குகிற இரண்டு குடும்பத்தில் ஒன்று மேலே போகிறது, ஒன்று அப்படியே கிடக்கிறது. ஏன் என்று பார்த்தால், மேலே போகிற வீட்டுக்கு யாரோ ஒருவர் இருக்கிறார். எந்தக் கவுன்ட்டரில் நிற்க வேண்டும், எந்தத் தாள் கேட்பார்கள் என்று சொல்லித்தர ஓர் ஆள். அந்த ஆளும் ஒரு சொத்துதான் என்று வாதாடி மூன்று மதிப்பெண் வாங்கிக் கொடுத்தேன். மேடம் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

நீ 'இல்லை' என்று சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதை விடு.

கணக்கு இதுதான். பிரிட்ஜை எடுத்தால் இருபத்து மூன்று. நான் உன் தம்பி என்று எழுதிக் கொடுத்தால் மூன்று ஏறி இருபத்தாறு. வாலுவுக்குச் சான்று கிடைக்காது. எழுதிக் கொடுக்காவிட்டால் நானே திருத்திவிடலாம். ஐந்து நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது. உன் கணவர் பெயரில்தான் கோப்பு இருக்கிறது, ஒருவரும் முடிச்சுப் போட மாட்டார்கள். அது நல்லது என்று தோன்றுகிறது.

அல்லது பீஸை நானே கட்டிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் யோசி.

உன் தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

யோசித்தேன். கோபித்துக்கொண்டேதான் யோசித்தேன்.

யாருக்கும் தெரியாது, முடிச்சுப் போட மாட்டார்கள் என்று எவ்வளவு லேசாக எழுதுகிறாய். உன் புது வீட்டுக்கு ஆபீஸ் ஆட்களை அழைத்த அன்றைக்கும் அப்படித்தானே. உன் பெண்டாட்டி ஒற்றை ஆளாக அல்லாடுகிறாளே என்று நான் போய் காபி டிரேயைத் தூக்கினேன். உங்கள் மேடம் என்னைப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டார்: "நல்ல ஆளா கிடைச்சிருக்காங்களே, எங்க பிடிச்சீங்க?" நீ சிரித்தாய். "ரொம்ப வருஷமா தெரிஞ்சவங்க மேடம்" என்றாய்.

எத்தனை வருஷமாகத் தெரியும்? நீ பிறந்த நாளிலிருந்து. முப்பத்தாறு வருஷம்.

டிரேயைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சாப்பிடாமல் போனதற்கு "ஏன் சொல்லாம போன?" என்று ஒரு மெசேஜ் அனுப்பினாய். அதுதான் இந்த இரண்டு வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த கடைசி வார்த்தை.

இப்போது பத்தொன்பதாம் கேள்விக்கு நான் இல்லை என்று சொன்னது உனக்குச் சுடுகிறதா? அந்தக் கேள்வியை நீயே இன்னொரு தடவை படி. போன மழைக்காலத்தில் உன் அத்தான் கை சரக்குப் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். எந்தக் கவுன்ட்டரில் நிற்பது என்று சொல்ல ஆள் இல்லாமல் மூன்று கவுன்ட்டரில் நின்றேன், மூன்றிலும் துரத்திவிட்டார்கள். உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆனால் நீயும் கேட்கவில்லையே. வாயில் வந்ததைச் சொன்னேனா, உள்ளதைச் சொன்னேனா?

பீஸ் கட்டுகிறேன் என்று இன்னொரு தடவை எழுதாதே. வாலு படித்து முடித்து உன் வீட்டுக்கு வந்தால் அவளையும் ரொம்ப வருஷமாகத் தெரிந்தவளாக்கிவிடுவாய்.

நீ படிக்கிற காலத்தில் கட்டுரை ஒன்று எழுதினாயே, முன்பக்கத்தில் 'என் படிப்புக்காகத் தன் படிப்பைத் தியாகம் செய்த அக்காவுக்கு' என்று போட்டு. அப்போதே எனக்கு எரிச்சல். நான் தியாகம் ஒன்றும் செய்யவில்லை, பள்ளிக்கூடம் எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று வாலு வந்து நிற்கிறாள். "எனக்கு லேப் எல்லாம் பிடிக்கலம்மா. நான் லாண்டரிக்கே வரேன்" என்கிறாள். சான்று கிடையாது என்று தெரிந்த அன்றிலிருந்து பிடிக்கவில்லையாம். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்பா இறந்த வருஷம் நான் அம்மாவிடம் சொன்னதும் இதே வார்த்தைதான். பிடிக்கவில்லை என்று என்னைச் சொல்ல வைத்தது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ படித்தவன், அதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பாய்.

எங்கள் லாண்டரியில் விரிப்புகளுக்கும் வகுப்பு உண்டு. மேல் மாடி அறைகளுக்கு ஒன்று, நடு மாடிக்கு ஒன்று, கீழ் மாடிக்கு ஒன்று. மேல் மாடி விரிப்பு நூல் விட்டால் நடு மாடிக்கு இறங்கும், அப்புறம் கீழ் மாடி, கடைசியில் கிழித்துத் தரை துடைக்க. இருபத்திரண்டு வருஷத்தில் கீழிருந்து ஒரு விரிப்பு மேலே போய் நான் பார்த்ததில்லை. இது ஒன்று போய்விடும் போலிருந்தது, அதனால்தான் இரண்டு வருஷ வைராக்கியத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுதினேன்.

இதை எழுதிவிட்டு மூன்று முறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் உட்காரத் தோன்றுகிறது.

சரி, செய். எழுதிக் கொடுக்க வேண்டாம். நான் உனக்கு யாரும் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை பழகியதுதானே, உனக்கும் கஷ்டமாக இருக்காது. பிரிட்ஜை மட்டும் எடுத்துவிடு. மனுவை இன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

அக்கா


ஜூன் 18

அக்கா,

மனு வந்தது. திங்கட்கிழமை காலை அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். புதன்கிழமை வரைக்கும் அங்கேயே இருந்தது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நான்கை அடித்துவிட்டு பூஜ்யம் போட வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். கீழே ஒரு வரி அச்சாகியிருக்கும்: "மனுதாரர் எனக்கு உறவினர் அல்லர்." அதற்கும் ஒரு கையெழுத்து.

பேனாவைத் திறந்தேன், மூடினேன். தண்ணீர் குடிக்கப் போனேன், வந்தேன். "என்ன சார், இன்னிக்கு நடை ஜாஸ்தியா இருக்கு" என்று பக்கத்து மேஜைக்காரர் கேலி செய்தார். நீ சொன்னபடி செய்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வாலுவுக்கு இடம் கிடைத்தால் போதும், நான் எப்படிப் போனால் என்ன என்றும் நினைத்தேன். ஆனால் அந்த வரிக்கு மேல் கை போகவில்லை. அன்றைக்கு வாயால் சொன்னது போதாதென்று இன்றைக்கு முத்திரையும் குத்திக் கொடுக்க என்னால் ஆகவில்லை.

நான் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். மேடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். மனுதாரரின் மனைவி என் கூடப்பிறந்த அக்கா. நான் இந்தக் கோப்பிலிருந்து விலகுகிறேன். பிரிட்ஜ் என்று குறிக்கப்பட்டது ஓடாத கூடு, நேரில் பார்க்கவும். கேள்வி பத்தொன்பதுக்கு அவர் 'இல்லை' என்று சொன்னது பொய் அல்ல. இரண்டு வருஷமாக நான் அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. கணவர் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததே எனக்கு இந்த மாதம்தான் தெரியும். என் வீட்டில் தாங்கள் ஒரு நாள் பார்த்தவர்தான் அவர். அன்று அவர் யார் என்று தங்களிடம் நான் சொல்லவில்லை. உறவு இருப்பதை வைத்து மதிப்பெண் போடும் கேள்வியை எழுதியவன் நான். உறவு இருந்தும் இல்லாமல் போன வீட்டுக்கு அந்தக் கேள்வியில் இடம் வைக்கவில்லை.

இப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடம் படித்துவிட்டுக் கோப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். விதிப்படி பார்த்தால் மூன்றைச் சேர்த்துவிடுவார். அப்படிச் சேர்த்தால் நான்தான் கெடுத்தேன் என்று ஆகும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதக்கூட இப்போது முகமில்லை, அதை இரண்டு வருஷம் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

தம்பி


ஜூன் 20

உன் மனசாட்சியைக் கழுவ என் பெண்ணுடைய சீட்டுதான் கிடைத்ததா?

இரண்டு வருஷம் பொறுத்தவன் இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா? சான்றைக் காலேஜில் கொடுத்து முடித்த பிறகு, முதல் தேதி நீ ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கலாமே, இவள் என் அக்கா என்று. நான் கேட்டது ஒரு பூஜ்யம். நீ கொடுத்தது ஒரு பக்கம்.

இன்றைக்கு வாலுவுக்கு லாண்டரி யூனிபாரத்துக்கு அளவு எடுத்தார்கள். எனக்கு எடுத்த அதே அளவு நாடா. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

இதற்குப் பதில் போடாதே.


ஜூன் 23

அக்கா,

பதில் இல்லை இது, தகவல். மேடம் இருபத்தாறாம் தேதி காலை உன் வீட்டுக்கு நேரில் வருகிறார். இதுவரை எந்தக் கோப்புக்கும் அவர் போனதில்லை.

தயவுசெய்து பிரிட்ஜைத் துடைக்காதே.


ஜூன் 27

தம்பிக்கு,

துடைக்கவில்லை. கை பரபரவென்றுதான் இருந்தது. அந்தப் பூப்போட்ட துணியையும் எடுத்து மடித்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லீவு போட்டதற்கு சூப்பர்வைசர் முணுமுணுத்தான், முணுமுணுக்கட்டும்.

உங்கள் மேடம் பத்து மணிக்கு வந்தார். கூட அந்த டிக் போட்டவரும் வந்து பழையபடி வாசலிலேயே நின்றார். மேடம் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்கும் அன்றைக்குக் கொடுத்த காபி ஞாபகம் வந்தது, சர்க்கரை இல்லாமல் கேட்டவர்.

"பிரிட்ஜைத் திறக்கலாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் திறந்தார். வாலுவின் நோட்டு இரண்டு சரிந்து அவர் காலில் விழுந்தது. குனிந்து அவரே எடுத்தார். முட்டைக் குழியில் இருந்த பேனாக்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது ஓடுறதே இல்லையா?"

"வந்த நாள்லேர்ந்து நிக்குது மேடம். எலிக்குப் பயந்து கொண்டாந்தது. சோத்தைக் கடிச்சா பரவாயில்ல, பொண்ணு புத்தகத்தைக் கடிக்குது."

நான்கை அடித்துவிட்டார். அப்புறம் பையிலிருந்து நீ எழுதிய அந்தக் காகிதத்தை எடுத்தார். மடித்து வைத்த பூப்போட்ட துணியை நான் எடுத்து மறுபடி மடித்தேன்.

"உங்க தம்பி அரசு வேலையில இருக்காரு. நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"கேள்வியில என்ன கேட்டிருக்கு மேடம்? அவசரத்துக்கு உதவக்கூடியவர் உண்டான்னுதானே? எங்களுக்கு வந்த அவசரத்துல அவன் இல்ல. அவனைக் கெட்டவன்னு சொல்லல. இல்லன்னுதான் சொன்னேன்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் உட்கார அதுதான் இருக்கிறது. "அன்னிக்கு உங்க தம்பி வீட்ல நான் உங்களை…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"நீங்க தெரியாமக் கேட்டீங்க மேடம். அவன்தான் தெரிஞ்சு சொன்னான்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. உன்னை விட்டுக் கொடுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால், "சின்ன வயசுலேர்ந்தே பெரிய ஆளுங்க முன்னால அவனுக்கு நாக்கு ஒட்டிக்கும்" என்றும் சொல்லி வைத்தேன்.

அவர் உன் காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். "இப்போ ஒட்டிக்கலையே. எனக்கே எழுதிக் கொடுத்திருக்காரே" என்றார். நான் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று நினைக்காதே. அழுதேன்தான், போ.

கேள்வி பத்தொன்பதில் 'இல்லை' என்பதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்து போட்டார். இருபத்து மூன்று. சான்றை அங்கேயே கொடுத்துவிட்டார். வாலு அதைப் பிடுங்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். லாண்டரியில் எடுத்த அளவு வீணாய்ப் போனது. லேப் பிடிக்கும் என்று இப்போது சொல்கிறாள்.

சொந்தக்காரர் கோப்பை மூன்று நாள் மேஜையில் வைத்திருந்ததற்கு உன்னிடம் விளக்கம் கேட்டுத் தாள் வரும் என்று அந்த டிக் போட்டவர் வாசலில் சொல்லிவிட்டுப் போனார். வேலைக்கு ஏதும் ஆபத்து என்றால் மறைக்காமல் எழுது. இருபதாம் தேதி நான் எழுதியதைக் கிழித்துப் போடு. தாங்க முடியாமல் எழுதியது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தச் சான்று ஒரு வருஷத்துக்குத்தானாம். அடுத்த ஜூனில் அதே ஃபாரம் மறுபடி வரும், அதே பத்தொன்பதாம் கேள்வியோடு. இல்லை என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. உண்டு என்றுதான் சொல்லப் போகிறேன். மூன்று ஏறி இருபத்தாறு ஆகிவிடும், சலுகை போய்விடும். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வா. வாசலில் நின்று எட்டிப் பார்க்காமல் உள்ளே வா. அடுத்த வருஷத்துக்குள் அந்தக் கேள்வியை ஒழுங்காக மாற்றி எழுது. மாற்ற முடியாவிட்டால் பீஸை நீ கட்டு. தம்பி இருக்கிறான் என்று நான் எழுதிக் கொடுத்தால் அதற்கு அர்த்தம் அதுதானே.

அக்கா